கிளியை வளர்த்துப் பூனை கையில் கொடுக்காமல் இருக்க என்ன வழி? (பெங்களூரு, 2 பெட்ரூம் வீடு)

கம்மனஹள்ளிக்காரி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கம்மனஹள்ளியில் இரண்டாவது மாடியில் வாடகை வீடு. நான், கணவர், ஏழு வயது மகள். மகளுடைய சொத்து: இரண்டு பட்ஜி (நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்போமே, அதுதான்), ஒரு சிரியன் ஹாம்ஸ்டர் (எலி மாதிரி சின்னப் பிராணி). மூன்றும் இப்போது ஹாலில் இருக்கின்றன.

அடுத்த மாதம் என் தம்பிக்கு ஒயிட்ஃபீல்டில் வேலை. கோயம்புத்தூரிலிருந்து வருகிறான், ஆறேழு மாதம் எங்களோடுதான் இருப்பான். அவன் வருவதில் சந்தோஷம். கூடவே சிங்காரமும் வருகிறது. சிங்காரம் என்பது அவனுடைய பூனை. மூன்று வயது, தெருவிலிருந்து எடுத்து வளர்த்தது. மொட்டை மாடியில் பல்லி, அணில், எலி எதையும் விட்டு வைத்ததில்லை. ஒருமுறை அரை உயிரோடு ஒரு எலியைத் தம்பியின் தலையணையில் கொண்டுவந்து வைத்ததை அவன் பெருமையாகப் போட்டோ எடுத்து அனுப்பினான்.

அம்மா “பழகிடும், விடு” என்கிறார். கணவர் பட்ஜி கூண்டை யுட்டிலிட்டிக்கு (துணி துவைக்கும் பால்கனி) மாற்றிவிடலாம் என்கிறார். எனக்கு இரண்டிலும் நம்பிக்கை இல்லை. இப்படி ஒரே வீட்டில் வைத்திருப்பவர்கள் யாராவது உண்மையைச் சொல்லுங்கள். முடியுமா, முடியாதா?

பட்ஜி_பைத்தியம்

தாராளமாக முடியும் அக்கா. எங்கள் வீட்டுப் பூனை தலைமேல் பட்ஜி உட்காரும். வீடியோ இருக்கிறது. குட்டியிலிருந்து ஒன்றாக வளர்ந்தால் அதற்கு இது இரை என்றே தெரியாது.

அல்சூர்_அண்ணாச்சி

தம்பி, அவர் கேட்பது குட்டிப் பூனையைப் பற்றி இல்லை. மூன்று வயது, எலி பிடித்துப் பழகிய பூனையைப் பற்றி. அது வேறு, இது வேறு.

மத்திகெரே_மழை

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

எங்களிடம் ஒரு பீகிள், ஒரு முயல். நான்கு வருடம் ஒன்றாக இருந்தன. நான்கு வருடம். ஒரே பாயில் படுக்கும், முயல் நாயின் காதை நக்கும். வருகிறவர்கள் எல்லாம் போட்டோ எடுப்பார்கள். நானும் இதே மாதிரி இழைகளில் போய் “அன்பாக வளர்த்தால் ஒன்றும் ஆகாது” என்று எழுதியிருக்கிறேன்.

ஒரு தீபாவளி அன்று சாயந்திரம் கீழே யாரோ சரவெடி வைத்தார்கள். முயல் பயந்து ஹாலில் குறுக்கே ஓடியது. அதுவரை அந்த முயல் நாய் முன்னால் அப்படி ஓடியதே இல்லை. நாய் பின்னால் பாய்ந்தது. வாலை ஆட்டிக்கொண்டேதான் பாய்ந்தது, கோபமெல்லாம் இல்லை. ஒரே ஒரு கவ்வல். நான் சமையலறையிலிருந்து வருவதற்குள் விட்டும் விட்டது. முயல் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. “நல்லவேளை” என்று நினைத்துக் கூண்டில் விட்டேன். ராத்திரி சாப்பிடவில்லை. பயந்திருக்கிறது, காலையில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். காலையில் இல்லை.

பீகிள் என்பதே இங்கிலாந்தில் முயல் வேட்டைக்கென்று வளர்த்தெடுத்த இனம் என்பது எனக்கு முன்னாலேயே தெரியும். தெரிந்து என்ன பயன். நான்கு வருடம் நடக்காதது நடக்காது என்று நினைத்துவிட்டேன்.

நாய் இன்றும் எங்களோடுதான் இருக்கிறது. அதன்மேல் எனக்குக் கோபம் இல்லை.

கம்மனஹள்ளிக்காரி

படித்துவிட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுத முடியவில்லை. நன்றி அக்கா. இதை எழுதியதற்கு.

ஹெப்பாள்_மாணவன்

ஹெப்பாள் கால்நடைக் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிறேன். இன்னும் டாக்டர் இல்லை, ஆகவே இதை வைத்தியமாக எடுத்துக்கொள்ளாமல் தகவலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மழை மேடம் சொன்னதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. வெளியே காயம் தெரியாததால் ஒன்றும் இல்லை என்று அர்த்தம் ஆகாது. முயலின் எலும்பு இலேசானது, தசை வலுவானது. பயத்தில் உதைக்கும்போது தன் முதுகெலும்பைத் தானே உடைத்துக்கொள்ளும். அதிர்ச்சியிலேயே குடல் ஓட்டம் நின்றுவிடுவதும் உண்டு. முயல் பன்னிரண்டு மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் அது அவசரம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இரையாகப் பிறந்த பிராணிகள் எல்லாமே நோயை மறைக்கும். காட்டில் நோயைக் காட்டிக்கொண்டால் முதலில் போவது அதுதான், அதனால்.

பூனை, பறவை விஷயத்தில் இன்னொன்று. பூனையின் வாயில் பாஸ்சுரெல்லா என்ற பாக்டீரியா சாதாரணமாகவே இருக்கும். பூனைக்கு ஒன்றும் செய்யாது. பறவையின் தோலில் ஊசிமுனை அளவு பல் பட்டால் போதும், ஓரிரு நாளில் ரத்தம் முழுக்கப் பரவிக் கொன்றுவிடும். இறகுக்குள் அந்தத் துளை கண்ணுக்கே தெரியாது. பூனை வாய் பட்டது என்று தெரிந்தால், பறவை உற்சாகமாகப் பறந்துகொண்டிருந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் போய் ஆன்டிபயாடிக் ஆரம்பிக்க வேண்டும். அட்டைப் பெட்டியில் மெல்லிய துணி போட்டு, இருட்டாக, கதகதப்பாக வைத்துக் கொண்டுபோங்கள். மஞ்சள் பூசிவிட்டு உட்கார்ந்திருக்காதீர்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை, இதைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். ஹாம்ஸ்டருக்கு அடிபட்டது என்று குழந்தைக்கு வாங்கிய அமாக்ஸிசிலின் சிரப்பில் மிச்சத்தைக் கொடுத்துவிடாதீர்கள். பென்சிலின் வகை மருந்தை வாய்வழியாகக் கொடுத்தால் ஹாம்ஸ்டர், கினிப் பன்றி, முயல் மூன்றுக்கும் குடலில் உள்ள நல்ல பாக்டீரியா அழிந்து உயிரே போகும். 

பட்ஜி_பைத்தியம்

எல்லோரும் பயமுறுத்துகிறீர்கள். குட்டியிலிருந்து வளர்த்தால் சரியாகும் என்பதற்கு ஆராய்ச்சியே இருக்கிறது. தேடிப் பாருங்கள்.

ஹெப்பாள்_மாணவன்

இருக்கிறது ப்ரோ. நீங்கள் சொல்வதும் பாதி சரி. ஸிங்-யாங் குவோ என்ற சீன உளவியலாளர் 1930ல் வெளியிட்டது. பூனைக்குட்டிகளை மூன்று விதமாக வளர்த்தார். தாய் எலி கொல்வதைப் பார்த்து வளர்ந்த 21 குட்டிகளில் 18 எலியைக் கொன்றன. தனியாக வளர்ந்த 20ல் 9 கொன்றன. எலியோடு ஒரே கூண்டில் வளர்ந்த 18ல் 3 மட்டும் கொன்றன.

நீங்கள் இதைத்தான் சொல்கிறீர்கள், பழக்கினால் மாறும் என்று. உண்மைதான், பெரிய வித்தியாசம். ஆனால் அந்த மூன்றைக் கவனியுங்கள். அவை தங்களோடு வளர்ந்த வகை எலியைத் தொடவில்லை, வேறு வகை எலியைத்தான் கொன்றன. அதாவது அந்தப் பூனை கற்றது “எலி நண்பன்” என்பதை இல்லை, “இந்த எலி நம்ம ஆள்” என்பதைத்தான். உங்கள் பட்ஜியோடு வளர்ந்த பூனை அடுத்த வருடம் நீங்கள் வாங்கும் புதுப் பட்ஜியை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது.

அக்கா, உங்கள் சிங்காரம் அந்த முதல் 21ஐப் போலத்தான். பூனைக்குட்டி மற்ற உயிர்களோடு பழகிக்கொள்ளும் பருவம் பிறந்து ஏழெட்டு வாரத்தோடு பெரும்பாலும் முடிந்துவிடும். மூன்று வயதில் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

சிவகாசி_டு_சில்க்போர்டு

நான் சிப்பிப்பாறை வைத்திருக்கிறேன். எங்கள் பக்கத்து நாய். தாத்தா காலத்தில் அதை எதற்கு வளர்த்தார்கள் என்று சொல்லத் தேவையில்லை, முயல் ஓடினால் கண்ணால் பார்த்தே துரத்திப் பிடிக்கும். (இன்று முயல் வேட்டை சட்டப்படி குற்றம், யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.)

என் நாய்க்கு உட்கார், இரு, விடு எல்லாம் தெரியும். வீட்டில் தட்டில் கறி வைத்தால்கூட “இரு” என்றால் இருக்கும். ஆனால் அபார்ட்மென்ட் பார்க்கில் ஒரு பூனை ஓடினால், அந்த நொடி அதற்குக் காது கேட்காது. கேட்டும் கேட்காத மாதிரி இல்லை, நிஜமாகவே கேட்காது. கையில் பெல்ட் இருந்தால் நிற்கும், இல்லையென்றால் இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் நான் பயிற்சியையும் கதவையும் குழப்பிக்கொள்வதை நிறுத்தினேன். பயிற்சி நாயின் நடத்தைக்கு. கதவு மற்ற பிராணியின் உயிருக்கு.

எங்கள் வீட்டிலும் மனைவியின் கினிப் பன்றிகள் இரண்டு உண்டு. மூன்று வருடமாக நாய் அவற்றை நேரில் பார்த்ததே இல்லை. ஒரே வீட்டில் இருக்கிறார்கள், ஒருவரையொருவர் தெரியாது. பெங்களூரு அபார்ட்மென்ட்வாசிகள் மாதிரி.

முலுண்ட்_மாமி

கடைசி வரிக்கு ஒரு லைக். மும்பையிலும் அதே கதைதான்.

ஊரில் என் பாட்டி பச்சைக்கிளியும் பூனையும் சேர்த்தே வளர்த்தாள். கிளி பூனையைக் கொத்தி விரட்டும். எல்லாக் கிளியும் பயந்தாங்கொள்ளி இல்லை.

நெறியாளர்

மாமி, பாட்டி காலம் வேறு. புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்: பச்சைக்கிளி, மைனா, முனியா, நட்சத்திர ஆமை இவையெல்லாம் நம் நாட்டுக் காட்டுயிர்கள். 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி வீட்டில் வைத்திருப்பதே குற்றம். ரஸ்ஸல் மார்க்கெட் பக்கம் யாராவது கூண்டோடு நீட்டினாலும் வாங்காதீர்கள். பட்ஜி ஆஸ்திரேலியப் பறவை, அதற்கு இந்தத் தடை இல்லை. இழையைத் தொடருங்கள்.

கம்மனஹள்ளிக்காரி

சரி, முடியாது என்று முடிவுக்கு வந்துவிட்டால் தம்பியிடம் என்ன சொல்வது? “நீ வா, பூனையை விட்டுவிட்டு வா” என்றா? அவன் பூனையை விட மாட்டான், நான் அவனை விட மாட்டேன். மகள் ஹாம்ஸ்டரை விட மாட்டாள். ஆகவே வழி சொல்லுங்கள். வீட்டின் அமைப்பு: நுழைந்தால் ஹால். ஹாலிலிருந்து இடது பக்கம் எங்கள் பெட்ரூம், வலது பக்கம் தம்பிக்குக் கொடுக்கப்போகும் அறை. நேரே சமையலறை, அதை ஒட்டி யுட்டிலிட்டி. ஓனர் சுவரில் ஆணி அடிக்க விட மாட்டார்.

அல்சூர்_அண்ணாச்சி

முதலில் யுட்டிலிட்டி யோசனையை விட்டுவிடச் சொல்லுங்கள் உங்கள் வீட்டுக்காரரை. மூன்று காரணம். நான்ஸ்டிக் தோசைக்கல் அளவுக்கு மீறிச் சூடானால் வரும் புகை பறவையை நிமிடங்களில் கொன்றுவிடும், நமக்கு மூக்கில்கூடத் தெரியாது. காஸ் கீசர் இருந்தால் அதன் புகையும் கெடுதல். அப்புறம் வெளியிலிருந்து வருபவை. பெங்களூரில் மேலே பார்த்தால் எப்போதும் பருந்து. பருந்தை விட எனக்குப் பயம் வல்லூறு. சின்னதுதான், ஆனால் பால்கனிக் கூண்டுக் கம்பியில் வந்து அடித்தால் பட்ஜி பயத்தில் கம்பியோரம் போய் ஒட்டும், அது காலை விட்டுப் பிடித்து இழுக்கும். ராத்திரியில் பைப் வழியாக ஏறும் பெருச்சாளி வேறு. வேட்டையாடும் பிராணி என்றால் சிங்காரம் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள்.

நான் பத்து வருடமாக ஒரே வீட்டில் பூனையும் ஃபின்ச்சும் வைத்திருக்கிறேன். என் முறை ஒன்றே ஒன்று. பூனைக்கும் பறவைக்கும் நடுவில் எப்போதும் இரண்டு தடை. ஒன்று போனாலும் இன்னொன்று இருக்க வேண்டும். பன்னார்கட்டா பூங்காவில் புலிக்கூண்டுக்குள் ஊழியர் போகிற இடத்தைப் பார்த்திருந்தால் புரியும். ஒரு கதவைத் திறந்து உள்ளே போய் அதைச் சாத்தின பிறகுதான் அடுத்த கதவு. உங்கள் வீட்டில் அது ரொம்ப சுலபம்: பட்ஜி, ஹாம்ஸ்டர் இரண்டும் உங்கள் பெட்ரூமுக்கு. சிங்காரம் தம்பி அறைக்கு. ஹால் நடுவில். பூனை ஹாலில் இருந்தால் உங்கள் பெட்ரூம் சாத்தியிருக்கும். பட்ஜியை ஹாலில் பறக்கவிட்டால் தம்பி அறை சாத்தியிருக்கும். ராத்திரியும் யாரும் வீட்டில் இல்லாதபோதும் இரண்டும் சாத்தியிருக்கும்.

“பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்” என்று திட்டுவார்கள். இந்த வீட்டில் நீங்கள் அப்படித்தான் இருக்க வேண்டும், வேறு வழியில்லை.

ஹெப்பாள்_மாணவன்

அண்ணாச்சி சொன்ன ராத்திரி விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். ஹாம்ஸ்டர் ராத்திரி முழுக்க ஓடும். பூனைக்குச் சுறுசுறுப்பு வருவது விடியற்காலையிலும் அந்தியிலும். அதாவது இரண்டும் விழித்திருக்கும் நேரத்தில் வீட்டில் மனிதர்கள் தூங்குகிறார்கள். “நாங்கள் பக்கத்திலேயே இருக்கிறோம், பார்த்துக்கொள்வோம்” என்பது பகல் நேரப் பேச்சு.

இன்னொன்று காது. நமக்கு 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கேட்காது. பூனைக்கு 60க்கும் மேலே கேட்கும். ஹாம்ஸ்டர், எலி எல்லாம் நமக்குக் கேட்காத அந்த உச்ச ஒலியில் பேசிக்கொள்ளும். நமக்கு அறை அமைதியாக இருக்கும், பூனைக்கு அது ஒலிபெருக்கி வைத்த கல்யாண வீடு. கதவுக்கு வெளியே சிங்காரம் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

பட்ஜி_பைத்தியம்

அப்போ எல்லாம் ஜெயில் மாதிரி. பூனைக்கும் பாவம், பறவைக்கும் பாவம். இதற்குப் பேசாமல் ஹாம்ஸ்டரை வேறு யாருக்காவது கொடுத்துவிடலாமே.

மத்திகெரே_மழை

அதுவும் ஒரு யோசனைதான், கிண்டலாக எழுதியிருந்தாலும். பதற்றமான வீட்டில் ஒட்டிக்கொண்டிருப்பதை விட அமைதியான வீட்டுக்குப் போவது பிராணிக்கு நல்லது. கம்பிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பூனை முறைத்துக்கொண்டே இருந்தால், அது தொடவே இல்லை என்றாலும் உள்ளே இருப்பது நிம்மதியாகச் சாப்பிடாது. பாதுகாப்பு என்றால் உயிரோடு இருப்பது மட்டும் இல்லை. பார்வையில் படக்கூடாது. நான் சொல்வது அதுதான்.

ஆனால் ஹாம்ஸ்டருக்கு ஆயுசே இரண்டு, மூன்று வருடம். குழந்தை அதோடு இருக்கட்டும். கதவைச் சாத்தினால் போதும் என்கிறார்களே.

சிவகாசி_டு_சில்க்போர்டு

கதவைச் சாத்துவது என்று எழுதுவது சுலபம். சாத்துவது யார்? எங்கள் வீட்டில் கதவு திறந்து கிடந்த மூன்று தடவையும் காரணம் நாங்கள் இல்லை. ஒன்று வீட்டு வேலைக்கு வரும் அக்கா, ஒன்று காஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர், ஒன்று ஊரிலிருந்து வந்த மாமனார். அவர்கள் தப்பே இல்லை, யாரும் சொல்லவில்லை.

சில விஷயங்கள், அனுபவத்தில்:

கதவுக் கைப்பிடி கீழே அழுத்தித் திறக்கிற மாதிரி இருந்தால் பூனை இரண்டே வாரத்தில் தாவித் திறக்கக் கற்றுக்கொள்ளும். மேலே உள்ள தாழ்ப்பாளைப் பழகுங்கள். ஆணி அடிக்க முடியாவிட்டால், ஓனரிடம் கேட்டு ஸ்பிரிங் கீல் போடுங்கள், போகும்போது கழற்றிக்கொள்ளலாம். கதவு தானாகவே சாத்திக்கொள்ளும்.

ஹாம்ஸ்டரைக் கம்பிக் கூண்டில் வைக்காதீர்கள். கம்பி இடுக்கில் பூனையின் நகம் நுழையும். பெரிய கண்ணாடித் தொட்டி, மேலே இரும்பு வலை மூடி, நான்கு பக்கமும் கிளிப். வெறுமனே மேலே வைத்த மூடி மூடியே இல்லை. நான்கு கிலோ பூனை குதித்தால் தொட்டிக்குள்ளேயே விழும். அடியில் ஆறேழு அங்குலம் மரத்தூள் போட்டால் ஹாம்ஸ்டர் உள்ளே தோண்டி ஒளிந்துகொள்ளும். அதற்கு ஒளிய இடம் வேண்டும், அதுதான் அதன் நிம்மதி.

பட்ஜி கூண்டைத் தொங்கவிட முடியாது என்றால் அடி அகலமான இரும்பு ஸ்டாண்ட். சோபா, அலமாரி எதற்கும் பக்கத்தில் வேண்டாம். பூனை ஐந்தடி நின்ற இடத்திலிருந்தே தாவும்.

கம்மனஹள்ளிக்காரி

ஸ்பிரிங் கீல், கிளிப் இரண்டும் குறித்துக்கொண்டேன். பெட்ரூமில் ராத்திரி சக்கரம் ஓடும் சத்தம், விடியற்காலை பட்ஜி கச்சேரி. கணவர் முகத்தை இப்போதே நினைத்துப் பார்க்கிறேன்.

டெல்லித்தமிழன்

சம்பந்தம் இருக்கிறதோ இல்லையோ, சொல்லிவிடுகிறேன். இங்கே சாந்தினி சௌக்கில் செங்கோட்டைக்கு எதிரே ஜைனர்களின் லால் மந்திர் வளாகத்தில் பறவைகளுக்கென்றே ஒரு தர்ம ஆஸ்பத்திரி உண்டு. புறா, கிளி எல்லாம் உள்நோயாளி. பருந்து மாதிரி மாமிசம் தின்பவை வந்தால் வெளிநோயாளியாகப் பார்த்து அனுப்பிவிடுவார்கள், மற்ற பறவைகளோடு தங்க விடுவதில்லை. அவ்வளவு கருணை உள்ளவர்களே வார்டு பிரித்துத்தான் வைக்கிறார்கள்.

முலுண்ட்_மாமி

பூனையின் பசியை அடக்கினால் போதாதா? வயிறு நிறைந்த பூனை எதற்கு வேட்டையாடப் போகிறது?

ஹெப்பாள்_மாணவன்

மாமி, அங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம். பூனைக்கு வேட்டையும் பசியும் தனித்தனி. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டும் எலியைக் கொல்லும், தின்னாமல் போட்டுவிட்டும் போகும். சிங்காரம் தலையணையில் வைத்த எலி ஞாபகம் இருக்கிறதா?

ஆனால் உணவும் விளையாட்டும் கொஞ்சம் உதவும். இங்கிலாந்தில் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தார் 2021ல் வெளியிட்ட ஆய்வில், வெளியே திரியும் பூனைகளுக்குத் தானியம் இல்லாத, மாமிசம் நிறைந்த உணவு கொடுத்தபோது அவை வீட்டுக்குக் கொண்டுவந்த இரை 36 சதவீதம் குறைந்தது. தினமும் ஐந்து, பத்து நிமிடம் கயிற்று இறகு, பொம்மை எலி வைத்து விளையாடியதில் 25 சதவீதம் குறைந்தது. குறைந்ததே தவிர நிற்கவில்லை. ஆகவே தம்பி ஆபீசிலிருந்து வந்ததும் பத்து நிமிடம் அதை ஓடவிட்டு, பிடிக்கவிட்டு, உடனே சாப்பாடு போடட்டும். தயிர்சாதம் போட்டு வளர்ப்பவர்கள் மன்னிக்கவும், பூனைக்கு அது போதாது.

கை கழுவுவதையும் சொல்ல வேண்டும். முதலில் ஹாம்ஸ்டர், பட்ஜி வேலையை முடியுங்கள், பிறகு பூனை. பூனையைக் கொஞ்சிவிட்டு அதே கையை ஹாம்ஸ்டர் தொட்டிக்குள் விட்டால், அதற்கு அது பூனையின் கை. பூனை வாடைக்குப் பயப்படுவது அதன் பிறவிக் குணம், பூனையைப் பார்த்தே இருக்க வேண்டியதில்லை. பூனைக்குப் பிடரியில் விடும் உண்ணி மருந்திலும் கவனம். பக்கத்தில் முயல் இருப்பவர்கள் ஃபிப்ரோனில் சேர்ந்ததைத் தவிருங்கள், முயலுக்கு விஷம்.

பட்ஜி_பைத்தியம்

என் வீட்டு வீடியோவை இன்னொரு முறை போட்டுப் பார்த்தேன். தலைமேல் பட்ஜி உட்காரும்போது பூனையின் வால் நுனி மட்டும் துடிக்கிறது, காது பின்னால் போகிறது. இத்தனை நாள் அதைக் கவனிக்கவில்லை. வீடியோவை எடுத்துவிட்டேன்.

அல்சூர்_அண்ணாச்சி

நல்ல பிள்ளை.

கம்மனஹள்ளிக்காரி (ஏழு வாரம் கழித்து)

தகவல் சொல்ல வந்தேன். தம்பி வந்து ஐந்து வாரம் ஆகிறது. அண்ணாச்சியின் இரண்டு கதவு முறையைத்தான் வைத்திருக்கிறோம். முதல் இரண்டு வாரம் சிங்காரத்தை அறையை விட்டே வெளியே விடவில்லை, புது வீடு பழகட்டும் என்று.

போன வியாழன் நடந்தது. எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா பெட்ரூம் துடைக்க வந்தார். தரை காயட்டும் என்று கதவுக்குக் கீழே துடைப்பக் கட்டையைச் சொருகித் திறந்து வைத்துவிட்டார். ஸ்பிரிங் கீல் பாவம் என்ன செய்யும்? அதே நேரம் தம்பி போனில் பேசிக்கொண்டே தண்ணீர் எடுக்க வெளியே வந்தான், அவன் கதவும் திறந்திருந்தது. இரண்டு தடையும் ஒரே நிமிடத்தில் போய்விட்டது. நான் சமையலறையில் இருந்தேன். பட்ஜிகள் கத்திய கத்தலில் ஓடினேன்.

சிங்காரம் ஹாம்ஸ்டர் தொட்டியின் மூடிமேல் உட்கார்ந்திருந்தது. முன்னங்கால் இரண்டையும் மடித்து வைத்துக்கொண்டு, சாமி கும்பிடுகிற மாதிரி கீழே பார்த்துக்கொண்டிருந்தது. கிளிப் நான்கும் அப்படியே இருந்தன. ஹாம்ஸ்டர் மரத்தூளுக்குள் போய்விட்டது, மறுநாள் ராத்திரி வரைக்கும் வெளியே வரவில்லை. வைத்த தீனி அப்படியே இருந்தது. மூன்றாம் நாள்தான் சக்கரம் ஓடியது. கணவரே “அப்பாடா, சத்தம் கேட்கிறது” என்றார்.

பட்ஜியில் ஒன்று பதறிப் பறந்ததில் வளர்ந்துகொண்டிருந்த வால் இறகு ஒடிந்து ரத்தம். பூனை கூண்டைத் தொட்டதா இல்லையா என்று யாரும் பார்க்கவில்லை. பார்க்காததால் தொட்டதாகவே வைத்துக்கொண்டு அன்றைக்கே டாக்டரிடம் போய்விட்டோம், ஹெப்பாள் தம்பி எழுதியது ஞாபகம் வந்தது. ஐந்து நாள் மருந்து. நன்றாக இருக்கிறது.

தம்பி அன்றைக்கு என்னிடம் ஒன்றும் பேசவில்லை. ராத்திரி அவனே போய் எங்கள் அறைக் கதவில் தரைமட்டத்தில் இருந்த இடுக்குக்கு ஒரு மரச் சட்டம் ஒட்டினான்.

மத்திகெரே_மழை

டாக்டரிடம் அன்றைக்கே போனீர்களே. அது போதும் எனக்கு.

சிவகாசி_டு_சில்க்போர்டு

வேலைக்கு வரும் அக்காவிடம் என்ன சொன்னீர்கள்? திட்டினீர்களா?

கம்மனஹள்ளிக்காரி

எப்படித் திட்டுவது, நான்தான் சரியாகச் சொல்லவில்லை. அவருக்குக் கன்னடம்தான், எழுத்துப் படிக்க வராது. நான் தமிழிலும் கன்னடத்திலும் “டோர் க்ளோஸ்” என்று எழுதி ஒட்டி வைத்திருந்தேன், அது எனக்காக ஒட்டியது மாதிரிதான் இருந்தது. இப்போது மகள் இரண்டு கதவிலும் படம் வரைந்து ஒட்டியிருக்கிறாள். ஒன்றில் மீசை வைத்த பூனை, ஒன்றில் கன்னம் உப்பிய ஹாம்ஸ்டர். பூனைக்குப் பல் மட்டும் பதினைந்து இருக்கும்.

அக்கா படத்தைப் பார்த்து ரொம்ப நேரம் சிரித்தார். இப்போது வாசலில் செருப்பைக் கழற்றும்போதே குரல் கொடுக்கிறார், “பெக்கு எல்லி?” (பூனை எங்கே?) என்று. தம்பி உள்ளிருந்து “இல்லி, இல்லி” (இங்கே, இங்கே) என்று கத்தின பிறகுதான் துடைப்பத்தை எடுக்கிறார்.